யாரும் பிடிக்காமல் எழும்புவது

என் அம்மா உடற்பயிற்சி செய்வார் என்று பத்து வருடத்துக்கு முன்னர் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்தே செத்திருப்பேன். அப்பா இருந்த காலத்தில் பின்னேரம் ஒரு நடை போய்வருவோமா என்று அவர் கேட்டால், "கடைக்கெண்டால் சொல்லுங்கோ, வாறன். சும்மா போய்ச் சும்மா வாறது என்ன கண்டறியாத நடை?" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் பிறந்து, கலியாணம் முடித்துத் தென்பகுதியில் அப்பாவின் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் காலம் முழுக்கச் சமைத்து, அப்பா போன பிறகு கனடாவுக்கு என்னிடம் வந்தவர். அவருடைய உடம்பு வேலை செய்யாமல் இருந்த நாளே இல்லை. அதற்குமேல் பயிற்சி எதற்கு என்பதுதான் அவருடைய கேள்வி.

அந்த அம்மாவை இன்று ரொறன்ரோவில் எங்கள் அடுக்குமாடியில் தெரியாத ஆள் இல்லை. கொஞ்சம் தூக்கிச் செருகிய பருத்திச் சேலை, அதற்குக் கீழே கறுப்புக் காற்சட்டை, அதற்கும் கீழே பளீரென்ற வெள்ளைச் சப்பாத்து, தலையில் காதை மூடும் கம்பளித் தொப்பி. இந்தக் கோலத்தோடு லிஃப்டுக்குள் ஏறினால் எல்லோரும் சிரித்து வணக்கம் சொல்வார்கள். அம்மாவும் ராணி மாதிரித் தலையை ஆட்டுவார். நான்தான் மூலையில் நின்று சுவரைப் பார்ப்பேன்.

விடிந்ததும் சாமிப் படத்துக்கு விளக்கு வைத்து, தேத்தண்ணி குடித்து முடிந்தால் குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குவார். பிறகு கதிரை. கதிரையில் இருந்து எழும்புவார், இருப்பார், திரும்ப எழும்புவார். கையை நெஞ்சில் கட்டியிருப்பார், எதையும் பிடிக்கமாட்டார். பனிக்காலத்தில் கடைகள் திறப்பதற்கு முன்னரே மோலுக்குப் போய், மூடிய கடைகளுக்கு முன்னால் நீளமாக நடந்து திரும்புவார். அங்கே எங்கள் ஆட்கள் நிறைய நடப்பார்கள். நடையை விடக் கதைதான் கூட. அம்மா அவர்களோடு நின்று கதைப்பதில்லை. "நீங்கள் கதையுங்கோ, நான் சுத்தி வாறன்" என்று போய்க்கொண்டே இருப்பார். கிழமையில் சில நாள் பக்கத்துச் சமூக நிலையத்தில் முதியவர்களுக்கான வகுப்பு. மத்தியானம் சோறு பாதியாகி, மரக்கறி இரண்டு பங்காகியிருந்தது. எனக்கு மட்டும் வழக்கம்போலக் கோப்பை நிறையச் சோறு.

இவ்வளவும் ஏன்? சீனி வருத்தத்துக்காக இல்லை. இடுப்பு மெலிய இல்லை. அது எனக்காக.

கொரோனா வந்த முதல் வருடம் நான் ஆஸ்பத்திரியில் மூச்சு மெசினில் கிடந்தேன். ஒருவரையும் உள்ளே விடாத காலம். அம்மா வீட்டில் தனியே. ஆஸ்பத்திரியில் இருந்து தாதி ஒருத்தி போன் எடுத்து, ஆங்கிலத்தில் என்னவோ சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குப் பாதி விளங்கவில்லை. குரல் விளங்கியிருக்கிறது. போனை வைத்துவிட்டு யன்னலுக்குப் போய், ஊரில் எங்கள் குறிச்சி அம்மன் கோயில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: "அம்மாளாச்சி, என்ர பிள்ளையைத் திருப்பித் தா. உன்ர தேருக்குப் பின்னால வீதி முழுக்க அடியழிச்சு வாறன்."

எங்கள் பக்கத்துக் கோயில்களில் தேர் வீதி சுற்றும்போது அதற்குப் பின்னால் ஆண்கள் உருண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் அடியழிப்பார்கள். குளித்த ஈரச் சேலையோடு சில அடி வைப்பது, முழங்காலில் இருப்பது, நெற்றி நிலத்தில் முட்டக் கும்பிடுவது, எழும்பி மறுபடி சில அடி வைப்பது. கோயிலைச் சுற்றித் தேர் இருப்பிடத்துக்கு வரும்வரைக்கும் இதுதான். இளம் பெண்களே பாதியில் மூச்சு வாங்குவார்கள். நேர்த்தி வைத்த அன்றைக்கு அம்மா எழுபதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பி வந்தேன். வந்தபோது கால்களில் சதையே இல்லை. கட்டிலில் இருந்து குளியலறைக்குப் போக அம்மாதான் தூண். "பிடி, என்னைப் பிடி, பாரத்தை என்னில விடு" என்று தோளைத் தருவார். நான் விட்ட பாரம் கொஞ்சமா? மாதக்கணக்கில் தாங்கினார். நான் நடக்கத் தொடங்கினேன், அம்மாவுக்கு முழங்கால் நோகத் தொடங்கியது. விமானம் இல்லாத வருடம் ஒன்று போயிற்று. நோவினால் போகமுடியாத வருடங்கள் பிறகு போயின. ஒவ்வொரு வருடமும் தேர் முடிந்த செய்தி ஊரிலிருந்து வந்தால் அன்றைக்கு அம்மா சாப்பிடமாட்டார்.

கடைசியில் டொக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்போடு எலும்பு உரசுகிறது, இரண்டு முழங்காலையும் மாற்றவேண்டும் என்றார். மாற்றினால் நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் முழங்காலை நிலத்தில் ஊன்றி இருக்கும் வேலையை மறந்துவிடுங்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"திருப்பிக் கேள். முழங்காலில இருக்கவே ஏலாதோ எண்டு கேள்."

கேட்டேன். அதே பதில்தான்.

"அப்ப தேர் முடிய வெட்டச் சொல்லு."

வீட்டுக்கு வந்து எங்களுக்குள் பெரிய சண்டை. எனக்குக் கோபம் வந்தால் குரல் வாசலைத் தாண்டும். "அம்மா, உங்களுக்கு விசரே? பால் அபிசேகம் செய்வம். அன்னதானம் குடுப்பம். இல்லாட்டி நான் அடியழிக்கிறன். உயிர் என்ரதானே?" என்று கத்தினேன். அவர் கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "உயிர் உன்ர. வாய் என்ர. கேட்டவள் நான்." அதற்குமேல் கதை இல்லை. தலைகீழாக நின்றாலும் அவரை அசைக்க ஏலாது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்தச் சாதிதான்.

அப்படித்தான் அந்த வகுப்பு தொடங்கியது. வகுப்பு நடத்துபவள் ஜமேக்காவில் இருந்து வந்த பெண், நல்ல உயரம், சிரித்தால் அறை முழுக்கக் கேட்கும். முதல் நாள் வட்டமாக இருத்தி உங்கள் நோக்கம் என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒருவர் நிறை குறைய வேண்டும் என்றார். இன்னொருவர் பேரப்பிள்ளையோடு ஓடவேண்டும் என்றார். அம்மாவின் முறை வந்தது. நான் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

"நிலத்தில இருந்து ஆரும் பிடிக்காமல் எழும்பவேணும் எண்டு சொல்லு. ஒருக்கா இல்லை. திரும்பத் திரும்ப."

"எத்தனை தரம்?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு கோயிலைச் சுத்தி வாறமட்டும்."

அவள் சிரிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். ஒரு காலை முன்னுக்கு வை, இரண்டு கையையும் அந்தத் தொடையில் ஊன்று, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழும்பு. வன், டூ, அப்! அம்மா முதல்தரம் பக்கவாட்டில் சரிந்துபோனார். நான் பாய்ந்து கையைக் கொடுத்தேன். "பிடியாதை!" என்று ஒரு சத்தம். வகுப்பே திரும்பிப் பார்த்தது. தமிழ் தெரியாத அந்தப் பெண்ணுக்குக்கூட விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவளும் அம்மாவைத் தொடவில்லை.

"பிடியாதை" என்பது எங்கள் வீட்டில் மந்திரம் ஆகிவிட்டது. பஸ் படியில் பிடியாதை. உறைபனியில் வழுக்கும் நடைபாதையில் பிடியாதை. "விழுந்து உடைஞ்சால் ஆர் பாக்கிறது?" என்று நான் கத்துவேன். "பிடிச்சுப் பழகினால் அங்கை வந்து ஆர் பிடிக்கிறது?" என்று அவர் திருப்பிக் கத்துவார். கடைசியில் நான் ஒரு அடி தள்ளி, இரண்டு கையையும் விரித்தபடி நடப்பேன். தெருவில் போகிறவர்கள் நான் கோழி பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வெயில் காலம் வந்ததும் அம்மாவுக்கு இன்னொரு யோசனை. "கம்பளத்தில செய்து பழகிறது சரிவராது. எங்கட வீதி மணல். மணலில கால் புதையும். எழும்புறது வேற மாதிரி." ஆகவே ஏரிக்கரை. ஞாயிற்றுக்கிழமை அரைகுறை உடுப்போடு சனம் வெயில் காய்கிற மணலில், என் அம்மா சேலையோடு சில அடி வைத்து, முழங்காலில் இருந்து, நெற்றியை மணலில் முட்டி, எழும்பி, மறுபடி சில அடி. நான் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுத் துவாயில் கிடந்தேன். ஒரு வெள்ளைக்காரி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஓடிவந்து, அம்மாவோடு தானும் முழங்காலில் இருந்து மணலைக் கிளறத் தொடங்கினாள். மோதிரம் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்திருக்கிறாள்! நான் போய் விசயத்தைச் சொன்னேன். அவள் மணலில் இருந்தபடியே அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உனக்காகவா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. நான் அதுவரைக்கும் இந்த விசயத்தில் வெட்கமும் கோபமும் மட்டும்தான் பட்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது கார் ஓட்டிக்கொண்டே அம்மாவின் கால்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "றோட்டைப் பார்" என்றார்.

அடுத்த தேருக்கு நாங்கள் ஊருக்குப் போனோம். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் தட்டையாகக் கிடந்தது. தீவுக்குள் ஏறினால் பாதி வீடுகள் பூட்டு. அம்மாவின் மச்சாள், எனக்கு மாமி முறை, அவர்தான் எங்கள் பக்கத்துச் சொந்தத்தில் ஊரைவிட்டுப் போகாமல் இருக்கிறவர். ஒடியல் கூழ் காய்ச்சி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா கோப்பையைக் கையில் எடுத்ததுமே கேட்ட கேள்வி இதுதான்:

"மச்சாள், வீதி மணல் இந்த முறை எப்பிடி? காஞ்சு கிடக்கோ, இறுகிக் கிடக்கோ?"

மாமி கரண்டியைப் பிடித்தபடி நின்றார். "மணலோ? மணல் எங்கை இருக்கு? நீங்கள் கனடாக்காரர் குடுத்த காசிலதானே வீதி முழுக்கக் கல்லுப் பதிச்சது!"

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ரொறன்ரோவில் எங்கள் ஊர்ச்சங்கம் வருடாவருடம் ராப்போசன விருந்து வைக்கும். அதில் ஒரு வருடம், மாரி மழைக்குக் கோயில் வீதியில் வெள்ளம் நிற்கிறது, சேறாகிறது, கல் பதிக்கவேண்டும் என்று பேச்சு வந்தது. எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கையில் எழும்பி நின்று, "அம்மாளாச்சி சேத்துக்குள்ளையோ வாறது? உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்று மண்டபத்தையே உலுக்கியவர் யார்? என் தாயார்தான். கைதட்டல் வேறு. கல்லுக்குக் காசு கொடுத்த அதே ஆள், மனதுக்குள் இருந்த வீதியில் ஒரு பிடி மணலைக்கூட அள்ளவில்லை. சின்ன வயதில் ஓடித்திரிந்த மணல் அப்படியே கிடந்திருக்கிறது. அந்த மணலுக்காகத்தான் ஏரிக்கரையில் ஒரு கோடை முழுக்க விழுந்து எழும்பினார்.

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த ஏலவில்லை. மாமியும் சிரித்தார். அம்மா கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் முறைத்துப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார். ஆனால் கூழைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழும்பிக் கோயிலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். வெறும் வீதி, நடு மத்தியானம், சாம்பல் நிறக் கற்கள் வரிசையாகக் கிடந்தன. அம்மா செருப்பைக் கழற்றினார். கால் சுட்டது, முகத்தில் தெரிந்தது. ஒருதரம் முழங்காலில் இருந்தார். உதட்டைக் கடித்தார். வன், டூ, அப் என்று வாய்க்குள் சொல்லி எழும்பினார். எழும்பியவரின் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைக் கண்டேன்.

அன்று பின்னேரம் என் பையில் இருந்து முழங்கால் உறையை எடுத்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் கனடாவில் வாங்கி வந்தது. "சேலைக்குள்ளை ஆருக்கும் தெரியாது, அம்மா."

"அம்மாளாச்சிக்குமோ?" என்றார்.

நான் அதைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

தேரன்று விடியப் புறப்பட்டோம். கோயில் கிணற்றடியில் பெண்கள் தலையில் வாளி வாளியாக வார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவும் வார்த்தார். ஈரச் சேலை உடம்போடு ஒட்டியதும் எவ்வளவு சின்ன மனுசி என்று எனக்குத் திக்கென்றது. "நீ பக்கத்தில வராதை. பின்னால வா. பிடியாதை" என்றார். தேரின் வடம் இழுபட்டது. அரோகரா என்று வீதி அதிர்ந்தது. உருளும் ஆண்கள் போக, பெண்கள் வரிசை தொடங்கியது.

தெற்கு வீதியில் நிழல். அங்கே அம்மா நன்றாகத்தான் போனார். நான் தண்ணீர்ப் போத்தலோடு பின்னால், கோழி பிடிக்கிற நடையில். மேற்கு வீதியில் வெயில் நேரே விழுந்தது. தண்ணீர் பவுசர் வண்டி முன்னால் போய் ஊற்றியும் பெண்கள் வந்து சேரும்போது கல் காய்ந்து சுட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளியோடு ஓடிவந்து ஊற்றினார்கள். அம்மாவின் சேலையில் முழங்காலுக்கு நேரே சிவப்பாக ஊறுவதைக் கண்டேன். "அம்மா, போதும்!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. கிட்டப் போய்க் கேட்டேன். "அம்மாளாச்சி… வன்… அம்மாளாச்சி… டூ… அப்!"

கடவுளே, நான் அழுவதா சிரிப்பதா!

வடக்கு வீதி தொடங்கும் இடத்தில் ஒரு இளம் பெண் கும்பிட்ட இடத்திலேயே கிடந்துவிட்டாள். எழும்ப ஏலவில்லை. தாய்க்காரி தூக்கப் பார்த்தாள். அம்மா முழங்காலில் இருந்தபடியே அவள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, அப்பிடி எழும்பாதை. நாரி இடுப்பெல்லாம் பிடிச்சுக்கொள்ளும். ஒரு காலை முன்னுக்கு வை. ஓம், அப்பிடித்தான். கையைத் தொடையில ஊண்டு. மூச்சை ஊது. அப்!" அந்தப் பெண் எழும்பிவிட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் பார்த்துக்கொண்டு அப்படியே எழும்பினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நான் நிமிர்ந்து பார்க்கிறேன், புங்குடுதீவு அம்மன் கோயில் வடக்கு வீதியில் ஈரச் சேலையோடு ஒரு வரிசைப் பெண்கள், ஜமேக்காக்காரி சொல்லித் தந்த மாதிரி ஒரு காலை முன்னுக்கு வைத்து, தொடையில் கை ஊன்றி எழும்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அம்மா எழும்பவில்லை. மற்றவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் தன் மூச்சைச் செலவழித்துவிட்டார். காலை முன்னுக்கு வைத்தார், கால் நடுங்கி மடிந்தது. மறுபடி வைத்தார், மறுபடி மடிந்தது. நெற்றி கல்லில் முட்டியபடி கிடந்தார். பெண்கள் அவரைச் சுற்றி விலகிப் போகத் தொடங்கினார்கள். தேர் தூரமாகிக்கொண்டிருந்தது. நான் போத்தலைப் போட்டுவிட்டு ஓடினேன். கை அவருடைய தோளுக்கு ஒரு சாண் கிட்ட வந்துவிட்டது. தொடவில்லை. இந்த ஒரு வருடமும் அந்தக் கையை எவ்வளவு வைராக்கியத்தோடு தட்டிவிட்டார் என்று எனக்குத் தெரியும். தொட்டால் முடிந்துவிடும். நான் அவருக்குப் பக்கத்தில் கல்லில் முழங்காலில் இருந்தேன். சுட்டது. நெருப்பு மாதிரிச் சுட்டது. அம்மா இதில்தானா இவ்வளவு தூரம் வந்தார்?

"அம்மா," என்றேன். "வன்."

முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். கண்ணிமையில் மண்.

"டூ," என்றார் அவர்.

எழும்பினார். எப்படி எழும்பினார் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. எலும்போடு எலும்பு உரசுகிற அந்தக் காலில், என் கண்ணுக்கு முன்னால், யாரும் தொடாமல் நிமிர்ந்து நின்றார். சில அடி வைத்தார். மறுபடி இருந்தார். மறுபடி எழும்பினார். வடக்கு வீதி முடிந்தது. கிழக்கில் தேர் இருப்புக்கு வந்து நின்றது. கடைசி வரிசையிலும் கடைசி ஆளாக என் அம்மா வந்து, அம்மனுக்கு நேரே நெற்றியைக் கல்லில் வைத்து நெடுநேரம் இருந்தார். பிறகு ஒரு காலை முன்னுக்கு வைத்து எழும்பினார்.

கும்பிட்ட கை இறங்கியது. முகம் அம்மனைப் பார்த்தபடிதான் இருந்தது. ஒரு கையை மட்டும் பின்னுக்கு, எனக்கு நேரே நீட்டினார்.

"இப்ப பிடி, பிள்ளை. இனி எனக்கு ஏலாது."

பிடித்தேன். இரண்டு காலும் ஒன்றாக விட்டுவிட்டன. முழுப் பாரமும் என் தோளில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாட்களில் நான் அவரில் சாய்ந்த மாதிரியே சாய்ந்தார். என் கால்கள் நின்றன.

"விடுங்கோ அம்மா," என்றேன். "பாரத்தை என்னில விடுங்கோ."